சி.ஆர். எண்ணும் மேசையில் நடக்கும் போரும் ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

இந்த வழிமுறை டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்கும் மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை நடத்தும் டிஎம்களுக்காக (டஞ்சன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை வழிநடத்துபவர்) எழுதப்பட்டது. இதிலுள்ள எண்கள் 2014ஆம் ஆண்டு விதிகளைச் சார்ந்தவை. 2024ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதிகள் வேறுபடும் முக்கியமான ஓர் இடத்தை அங்கேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

எதிரியாக வரும் மான்ஸ்டர் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண்ணான சேலஞ்ச் ரேட்டிங், அதாவது சி.ஆர்., உறுதி தருவது ஒன்றே ஒன்றுதான். தகுந்த ஆயுதங்களும் கவசங்களும் உடைய, நன்றாக ஓய்வெடுத்த நான்கு பேர் கொண்ட குழு, தன் லெவலுக்குச் சமமான சி.ஆர். உள்ள ஒரு மான்ஸ்டரை யாரும் சாகாமல் வெல்ல முடியும் என்பதே அது. இந்த எண் ஹிட் பாயிண்ட் (வீழும் முன் தாங்கும் சேதம்), ஆர்மர் கிளாஸ் (அடி படப் பகடையில் எட்ட வேண்டிய எண்), தாக்குதல் போனஸ், சேதம், சேவ் எண் (தீங்கைத் தவிர்க்கப் பகடையில் எட்ட வேண்டிய எண்) ஆகியவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. மற்ற திறன்கள் இவற்றுள் ஒன்றாக மாற்றிக் கணக்கிட முடிந்த அளவுக்குத்தான் அதில் இடம்பெறுகின்றன. மேசையில் திரும்பத் திரும்பத் தோன்றும் கோளாறுகளில் பெரும்பாலானவை, இந்த நிபந்தனைகளில் ஏதோ ஒன்று உங்கள் குழுவுக்குப் பொருந்தாமல் போவதால் வருகின்றன. ஆகவே மான்ஸ்டரின் எண்களில் கைவைப்பதற்கு முன், எந்த நிபந்தனை உடைந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடந்த போரைப் பற்றி நான்கு விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போர் எத்தனை சுற்றுகள் நீடித்தது. முதலில் வீழ்ந்தவர் யார், எந்தத் தாக்குதலால். குழு கடைசியாக எப்போது நீண்ட ஓய்வு (இழந்த வலிமையை மீட்டுத் தரும் ஓய்வு) எடுத்தது, போர் தொடங்கும்போது எத்தனை மந்திர ஸ்லாட்கள் (மந்திரம் ஏவும் வாய்ப்புகள்) மீதம் இருந்தன. மான்ஸ்டரின் முக்கியத் திறன்களில் எவை பயன்படுத்தப்படவே இல்லை. இவை இல்லாமல் நினைவை மட்டும் நம்பினால், கடைசியாக விழுந்த அடி மட்டுமே மனத்தில் நிற்கும். காரணம் பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே இருந்திருக்கும்.

மான்ஸ்டரின் விவரப் பட்டியலையும் ஒருமுறை மூலத்தோடு ஒப்பிடுங்கள். விதிகளின் அடிப்படைத் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023ஆம் ஆண்டு முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சில மான்ஸ்டர்கள் அதில் இல்லை என்றாலும், ஓகர், ட்ரோல், கோப்ளின் போன்ற அன்றாட எதிரிகள் அனைத்தும் உள்ளன. யாரோ கைமாற்றித் தந்த பட்டியலில் ஒரு பூஜ்யம் கூடியிருப்பதே கோளாறுக்குக் காரணமாக இருந்தால், கீழே உள்ள எதையும் செய்ய வேண்டியதில்லை.

அறிகுறி 1: குழுவின் லெவலுக்குச் சமமான தனி எதிரி இரண்டு சுற்றுகளில் வீழ்ந்துவிடுகிறது

இது உண்மையில் கோளாறுதானா?

முதலில் இதைப் பாருங்கள். ஐந்தாம் லெவல் பாத்திரங்கள் நால்வருக்கு எதிராக சி.ஆர். 5 உள்ள ஒரு ட்ரோல் நிற்கிறது என்று கொள்வோம். ட்ரோலின் மதிப்பு 1,800 எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்). அந்த நால்வருக்கு ‘எளிது’ என்ற நிலை 1,000இலும், ‘நடுத்தரம்’ 2,000இலும், ‘கடினம்’ 3,000இலும், ‘உயிராபத்து’ 4,400இலும் தொடங்குகின்றன. அப்படியானால் சமமான சி.ஆர். கொண்ட அந்த ட்ரோல், விதிகளின் சொந்தக் கணக்கின்படியே எளிய மோதல்தான். ஐந்தாம் லெவலில் ஒருவர் ஒரு நாளில் தாங்கக்கூடியதாக விதிகள் கருதும் அளவு 3,500, நால்வருக்கு 14,000. ட்ரோல் அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அன்றைய ஒரே போராக அதை வைத்தால், எட்டுப் போர்களுக்கு வைத்திருந்த வலிமை முழுவதும் ஒன்றின் மேலேயே இறங்கும். ட்ரோல் விரைவாக வீழ்ந்தது சரியான விளைவுதான். தேர்வுதான் நோக்கத்துக்குப் பொருந்தவில்லை.

குழு முழு ஓய்வோடு வந்தது என்றால்

செலவில்லாத திருத்தம் இதுதான். பெரிய எதிரிக்கு முன்னால் இரண்டு அல்லது மூன்று நடுத்தர மோதல்களை வைத்து, இடையில் நீண்ட ஓய்வுக்கு வழியில்லாதபடி கதையில் ஒரு கால நெருக்கடியை உருவாக்குங்கள். ஓர் இரவுக்குள் கைதியை மீட்க வேண்டும், வெள்ளம் ஏறுவதற்குள் குகையைக் கடக்க வேண்டும் என்பது போன்ற ஏதேனும் ஒன்று போதும். மான்ஸ்டரின் ஒரு எண்ணைக்கூட மாற்றாமலேயே போரின் தன்மை மாறிவிடும்.

குழுவில் நால்வருக்கு மேல் இருந்தால்

ஆறு பேர் கொண்ட குழுவுக்கு எல்லை எண்கள் ஒன்றரை மடங்காகின்றன. அதோடு எதிரிகளின் எண்ணிக்கைக்கேற்ப எக்ஸ்பியைப் பெருக்கும் பெருக்கல் எண்ணும், தனி எதிரிக்கு 1இலிருந்து 0.5ஆகக் குறைகிறது. அதே ட்ரோல் இப்போது 900ஆகக் கணக்கிடப்படும். ‘எளிது’ தொடங்குவதோ 1,500இல். பெரிய குழுக்களை நடத்துவோர் இந்தப் பெருக்கல் எண்ணை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மூவருக்குக் குறைவான குழுவுக்கு இது எதிர்த்திசையில் நடக்கும்: தனி எதிரிக்கான எண்ணே 1.5 ஆகிவிடும்.

எதிரி நின்ற இடத்திலேயே நின்றிருந்தால்

சி.ஆர். கணக்கில் சேதம் என்பது மூன்று சுற்றுகளின் சராசரி. அந்த மூன்று சுற்றுகளிலும் மான்ஸ்டர் தன் சிறந்த தாக்குதல்களைப் பயன்படுத்தும் என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. டிராகன் நெருப்பை உமிழாமல், பறக்காமல், முன்வரிசை வீரனோடு மட்டும் மல்லுக்கட்டினால், அதன் சி.ஆர். காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு பெரிய எதிரியும் தன் முதல் மூன்று முறைகளில் (செயல்படும் வாய்ப்புகளில்) என்ன செய்யும் என்பதை ஆட்டத்துக்கு முன்பே மூன்று வரிகளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிமுறையில் உள்ள எல்லாத் திருத்தங்களிலும் மிகுந்த பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

நான்கு முறைகளுக்கு எதிராக ஒரு முறை

மேலே உள்ள எதுவும் பொருந்தாவிட்டால், குழு நான்கு முறை செயல்படும்போது எதிரி ஒரே ஒரு முறை செயல்படுவதே காரணம். இங்கே ஹிட் பாயிண்டைக் கூட்டாதீர்கள்; துணையைச் சேருங்கள். ட்ரோலோடு ஓர் ஓகரைச் சேர்த்தால் 1,800, 450 இரண்டும் சேர்ந்து 2,250. இரண்டு எதிரிகளுக்கான பெருக்கல் எண் 1.5, மொத்தம் 3,375. இது ‘கடினம்’ என்ற நிலைக்குள் சரியாக அமர்கிறது. துணை எதிரியால் இன்னொரு பயனும் உண்டு. ஹிப்னாடிக் பேட்டர்ன் போன்ற ஒரே மந்திரத்தால் ட்ரோல் செயலிழந்தால், பக்கத்தில் மயங்காமல் நிற்கும் ஓகர் தன் முறையைச் செலவிட்டு அதை உலுக்கி எழுப்பலாம். சேவில் தோற்றதால் மட்டுமே பெரிய எதிரி வீழ்ந்த போர்கள் பெரும்பாலும் இப்படியே சரியாகின்றன.

தோற்ற சேவை வென்றதாக மாற்றும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் என்ற திறனைச் சாதாரண எதிரிகளுக்குத் தருவது கடைசி வழி. கணக்கில் அதன் ஒவ்வொரு பயன்பாடும், சி.ஆர். 5 முதல் 10 வரை, 20 ஹிட் பாயிண்ட் கூடுதலாகவே எண்ணப்படுகிறது. ஆனால் மேசையில் அது ஓர் ஆட்டக்காரர் யோசித்துத் தேர்ந்த மந்திரத்தைப் பயனற்றதாக்குகிறது. அந்த இழப்பு எந்த அட்டவணையிலும் இல்லை.

அறிகுறி 2: சி.ஆர். குறைவாகவோ சமமாகவோ உள்ள எதிரி ஒருவரைக் கொன்றுவிடுகிறது

மிகுந்த கவனம் வேண்டிய அறிகுறி இது. பாத்திரத்தை இழந்தவருக்கு எண்கள் ஆறுதல் தரமாட்டா. கீழுள்ள மூன்று கிளைகளில் உங்களுக்கு உரியது எது என்பதை, முதலில் வீழ்ந்தவரின் குறிப்பு காட்டிவிடும்.

கிளை அ: குழு முதல் அல்லது இரண்டாம் லெவலில் இருக்கிறது

பக்பேரின் சி.ஆர். 1, 200 எக்ஸ்பி. முதல் லெவல் நால்வருக்கு இது சரியாக ‘நடுத்தரம்’. ஆனால் கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 14 உள்ள முதல் லெவல் விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஹிட் பாயிண்ட் 8தான். பக்பேரின் ஓர் அடி சராசரியாக 11 சேதம். எதிர்பாராமல் பதுங்கித் தாக்கினால் இன்னொரு 7 சேர்ந்து 18. பூஜ்யத்துக்குக் கீழே மீதமுள்ள சேதம் முழு ஹிட் பாயிண்டுக்குச் சமமானால் அந்த இடத்திலேயே மரணம் என்பது விதி. இந்த விசார்டுக்கு அந்த எல்லை 16. ஆக, பதுங்கித் தாக்கும் பக்பேரின் சராசரி அடியே, டெத் சேவ் என்ற, பகடை உருட்டிச் சாவிலிருந்து தப்பும் வாய்ப்பைக்கூடத் தராமல் ஒருவரைக் கொல்கிறது.

எனவே முதல் இரண்டு லெவல்களில் சி.ஆர். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு சோதனையைச் செய்யுங்கள். எதிரியின் ஓர் அடியில் அதிகபட்ச சேதம் எவ்வளவு என்று எழுதி, குழுவிலேயே குறைந்த ஹிட் பாயிண்ட் உள்ளவரின் எண்ணை அதனருகே எழுதுங்கள். முதல் எண் இரண்டாவதன் இரு மடங்கை எட்டினால், அந்த எதிரியை மாற்றுங்கள். அல்லது பதுங்கித் தாக்கும் வாய்ப்பை நீக்கி, அதன் வருகையைத் தூரத்திலிருந்தே குழு அறியும்படி செய்யுங்கள். மூன்றாம் லெவலுக்குப் பிறகு இந்தச் சோதனையின் தேவை படிப்படியாகக் குறைகிறது.

கிளை ஆ: ஹிட் பாயிண்ட் மீதம் இருக்கும்போதே பாத்திரம் இறந்தது அல்லது செயலிழந்தது

ஹிட் பாயிண்டைச் சுற்றிக் கடந்துபோகும் திறன்களை சி.ஆர். கணக்கு சரியாக எடைபோடுவதில்லை. குழுவைக் கூட்டும்போது கீழே உள்ள மூன்றையும் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஷேடோவின் சி.ஆர். 1/2. மூன்று ஷேடோக்கள் 300 எக்ஸ்பி, பெருக்கல் எண் 2, மொத்தம் 600. மூன்றாம் லெவல் நால்வருக்கு இது ‘நடுத்தரம்’. ஆனால் அதன் ஒவ்வோர் அடியும் ஸ்ட்ரெங்த் (உடல்வலிமை) எண்ணில் ஒன்று முதல் நான்கு வரை குறைக்கிறது. அது பூஜ்யமானால் பாத்திரம் இறந்துவிடுகிறது. ஸ்ட்ரெங்த் 8 வைத்திருக்கும் விசார்டை மூன்றும் சூழ்ந்தால், பகடை சற்றே எதிராக விழுந்தாலும், இரண்டு சுற்றுகளில் முடிந்துவிடும். அதே மூன்று ஷேடோக்கள் ஸ்ட்ரெங்த் 16 உள்ள ஃபைட்டரை (போர்வீரரை) சூழ்ந்தால் அது சாதாரணப் போர். ஒரே எண், இரண்டு வேறு ஆபத்துகள்.

இன்டெலெக்ட் டிவவரரின் சி.ஆர். 2, ஹிட் பாயிண்ட் வெறும் 21. இரண்டாம் லெவல் குழுவுக்கு அதன் 450 எக்ஸ்பி ‘நடுத்தரம்’ என்றே காட்டும். இன்டெலிஜென்ஸ் (அறிவு) 8 உள்ள ஃபைட்டர் அதன் சேவில் தோற்கும் வாய்ப்பு 60 விழுக்காடு. தோற்ற பின் மூன்று பகடைகளின் கூட்டல் 8ஐ எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 84 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால், குறிவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் பாதிக்குப் பாதி அவருடைய இன்டெலிஜென்ஸ் பூஜ்யமாகிறது. அதை மீட்டுத் தரும் கிரேட்டர் ரெஸ்டோரேஷன் மந்திரம் கிளெரிக்குக்கு (பூசாரிப் பாத்திரத்துக்கு) ஒன்பதாம் லெவலில்தான் கிடைக்கிறது.

பான்ஷீயின் சி.ஆர். 4. நாளுக்கு ஒருமுறை அது எழுப்பும் ஓலம், 30 அடிக்குள் கேட்கும் ஒவ்வொருவரையும் 13 என்ற கான்ஸ்டிட்யூஷன் சேவுக்கு உட்படுத்துகிறது. தோற்றவரின் ஹிட் பாயிண்ட் எவ்வளவு இருந்தாலும் பூஜ்யமாகிவிடும். குழு ஒரே இடத்தில் நெருங்கி நின்றால் நால்வரும் ஒரே நொடியில் வீழ்வது நடக்கக்கூடியதே.

இந்தக் கிளைக்கான சோதனை இது: மான்ஸ்டரின் விவரங்களைப் படித்து, சேதம் என்ற சொல் இல்லாமலே ஒருவரை ஆட்டத்திலிருந்து நீக்கும் வரி ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தச் சேவில் குழுவிலேயே பலவீனமானவர் யார், தோற்றால் அவரை மீட்கும் வழி குழுவின் கையில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். மீட்கும் வழி இல்லையெனில், சி.ஆர். எவ்வளவு சிறியதானாலும் அந்த எதிரியை அந்த லெவலில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் முன்னெச்சரிக்கை கொடுங்கள்: ஓலத்தால் இறந்தவர்களின் உடல்கள், காதில் மெழுகு அடைத்துக்கொண்டு ஆடு மேய்க்கும் கிராமத்தார், நிழல் அசைவதாகச் சொல்லும் காவலன். கேள்விப்பட்ட ஆபத்துக்குக் குழு தானே தயாராகிவிடும்.

கிளை இ: ஒரே பெரிய தாக்குதல் ஒருவரை வீழ்த்தியது

சி.ஆர். 6 உள்ள இளம் வெள்ளை டிராகனின் 2,300 எக்ஸ்பி, ஆறாம் லெவல் நால்வருக்கு ‘எளிது’ என்ற நிலையிலேயே நிற்கிறது; ‘நடுத்தரம்’ தொடங்குவது 2,400இல். ஆனால் அதன் குளிர் மூச்சின் சராசரி சேதம் 45. அதே லெவலில் கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள விசார்டின் முழு ஹிட் பாயிண்ட் 38. பரந்த தாக்குதல் இரண்டு பேரைத் தாக்கும் என்று மட்டுமே கணக்கு எடுத்துக்கொள்கிறது. நால்வரும் குறுகிய நடைபாதையில் வரிசையாக நின்றால் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. திருத்தம் எளிது: மூச்சின் வீச்சைவிட அகலமான களத்தைக் கொடுத்து, முதல் சுற்றிலேயே டிராகன் மூச்சிழுக்கும் காட்சியை ஆட்டக்காரர்கள் உணரும்படி விவரியுங்கள். பிறகு அவர்கள் கலைந்து நிற்பார்கள்.

அறிகுறி 3: சிறு எதிரிகளின் கூட்டம் கணிப்புக்கு மேல் கடினமாகிறது, அல்லது ஒன்றுமில்லாமல் போகிறது

எந்த ஆண்டின் அட்டவணை?

முதல் சோதனை இதுவே. எட்டுக் கோப்ளின்கள் 400 எக்ஸ்பி. 2014 விதிகளில் எட்டு எதிரிகளுக்கான பெருக்கல் எண் 2.5 என்பதால் இது 1,000 ஆகிறது. இரண்டாம் லெவல் நால்வருக்கு ‘உயிராபத்து’ தொடங்கும் 800ஐ அது தாண்டிவிட்டது. 2024 விதிகளில் பெருக்கல் எண் நீக்கப்பட்டுவிட்டது. அதே 400, அதே குழுவுக்கு, மூன்று நிலைகளில் மிகக் கீழான நிலைக்குள் அடங்குகிறது. பழைய மான்ஸ்டர்களையும் புதிய அட்டவணையையும் கலந்து பயன்படுத்துவோருக்கு இந்த அறிகுறி தவறாமல் வரும். கூட்டமான எதிரிகளைப் பொறுத்தவரை, குறைந்த லெவல்களில் பழைய பெருக்கல் கணக்கே எனக்கு நம்பகமாகப் படுகிறது. எட்டுக் கோப்ளின்களும் ஆர்மர் கிளாஸ் 15 உள்ள ஒருவரைத் தாக்கினால் சராசரியாக நான்கு அடிகள் படும். அடிக்கு 5 வீதம் 20 சேதம். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள இரண்டாம் லெவல் ஃபைட்டரின் முழு ஹிட் பாயிண்டும் அதே 20தான்.

அட்டவணை சரி, ஆனாலும் கடினம்

ஒரே வகை எதிரிகள் அனைவருக்கும் ஒரே இனிஷியேட்டிவ் (யார் எப்போது செயல்படுவார் என்ற வரிசை எண்) உருட்டுவது விதிப்படி சரிதான். ஆனால் எட்டுப் பேரும் அடுத்தடுத்துத் தாக்குவதால் குணப்படுத்த இடைவெளியே கிடைப்பதில்லை. நான்கு நான்காகப் பிரித்து இரண்டு இனிஷியேட்டிவ் கொடுங்கள். அதுவும் போதாவிட்டால் இரண்டாவது நால்வரைப் பிந்தி வரச் செய்யுங்கள். நால்வர் கொண்ட ஒவ்வோர் அலையும் 200ஐ 2ஆல் பெருக்கிய 400. இரண்டாம் லெவலுக்கு அது ‘நடுத்தரம்’ மட்டுமே.

ஐந்தாம் லெவலில் கூட்டம் கரைந்துபோகிறது

இதில் திருத்த எதுவும் இல்லை. ஃபயர்பாலின் சராசரி சேதம் 28. சேவில் வென்ற கோப்ளினும் 14 பெறுகிறது. அதன் ஹிட் பாயிண்ட் 7. அந்த மந்திரத்தைத் தேர்ந்தவருக்கு அந்த மகிழ்ச்சி உரியது. கூட்டம் நிலைக்க வேண்டுமென்றால் 20 அடி ஆரத்துக்குள் எல்லோரையும் நிறுத்தாதீர்கள்.

அறிகுறி 4: ஓர் இடத்தில் எளிதாக இருந்த அதே எதிரி இன்னோர் இடத்தில் பேரழிவாகிறது

மான்டிகோரை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஆர். 3, 50 அடி வேகத்தில் பறக்கிறது, 100 அடித் தூரத்திலிருந்து ஒரு முறைக்கு மூன்று முட்களை, ஒவ்வொன்றும் சராசரி 7 சேதத்துடன், எறிகிறது. அதனிடம் 24 முட்கள் உள்ளன. எட்டுச் சுற்றுகளுக்குப் போதும். பறந்தபடி தூரத்திலிருந்து தாக்கும் திறனுக்கு சி.ஆர். கணக்கு தரும் மதிப்பு ஆர்மர் கிளாஸில் 2 கூடுதல், அவ்வளவுதான். வில் இல்லாத குழு திறந்த வயல்வெளியில் அதைச் சந்தித்தால் எதிர்த்து அடிக்கவே முடியாது. கூரை தாழ்ந்த குகையில் சந்தித்தால் அது நொண்டும் பறவைதான்.

சோதனை: எதிரி விரும்பும் தூரத்தில் அதைத் தாக்கக்கூடியவர்கள் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருவருக்குக் குறைந்தால் களத்தை மாற்றுங்கள். பாறை, மரம், பாழடைந்த சுவர் என்று மறைவிடங்கள் போதும். 2014 பதிப்பின் வேர்வுல்ஃபுக்கும் இதே எண்ணிக்கை தேவை. வெள்ளி பூசாத, மாயம் இல்லாத ஆயுதங்களால் அதற்குச் சேதமே இல்லை. வெள்ளி ஆயுதமும் மந்திரமும் இல்லாத குழுவுக்கு அதன் சி.ஆர். 3 என்ற எண் எந்தப் பொருளும் தராது.

அறிகுறி 5: யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் போர் முடிவதே இல்லை

எதிரியின் ஹிட் பாயிண்டைக் குழு ஒரு சுற்றில் தரும் சராசரி சேதத்தால் வகுத்துப் பாருங்கள். தாக்குதல் போனஸ் 5, சராசரி சேதம் 7.5 உள்ள நால்வர், ஆர்மர் கிளாஸ் 11 கொண்ட ஓகரின் மேல் ஒரு சுற்றில் ஏறக்குறைய 22 சேதம் தருவார்கள். அதன் 59 ஹிட் பாயிண்ட் மூன்று சுற்றுகளில் தீரும். விடை ஐந்துக்கு மேல் போனால் போர் சலிப்பூட்டும்.

இந்த அறிகுறி பெரும்பாலும் சொந்தமாக மான்ஸ்டர் செய்வோருக்கு வருகிறது. 2014 விதிகளின் உருவாக்க அட்டவணையில் சி.ஆர். 2க்கான ஹிட் பாயிண்ட் 86 முதல் 100 வரை. வெளியான ஓகருக்கோ 59தான். அட்டவணையை அப்படியே பின்பற்றினால், புத்தகத்தில் உள்ள சக மான்ஸ்டர்களைவிடத் தடித்த எதிரியே கிடைக்கும். ஹிட் பாயிண்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, சேதத்தைச் சற்றே கூட்டுங்கள்.

அறிகுறி 6: சொந்தமாக மாற்றிய மான்ஸ்டருக்கு சி.ஆர். சரியாக வந்தும் போர் பொருந்தவில்லை

சி.ஆர். என்பது இரண்டு எண்களின் சராசரி: தற்காப்பு ஒன்று, தாக்குதல் ஒன்று. இந்த அறிகுறிக்கான காரணம் அநேகமாக அந்தச் சராசரிக்குள்தான் ஒளிந்திருக்கும். ஓகருக்கு ஒரு முறைக்கு இரண்டு அடிகள் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

தற்காப்பு: 59 ஹிட் பாயிண்ட் சி.ஆர். 1/2 வரிசையில் வருகிறது. அந்த வரிசை எதிர்பார்க்கும் ஆர்மர் கிளாஸ் 13, ஓகருக்கு 11. இரண்டு குறைவதால் ஒரு படி இறங்கி 1/4. தாக்குதல்: இரண்டு அடிகளின் சராசரி 26 என்பது சி.ஆர். 3 வரிசை. அங்கே எதிர்பார்க்கும் தாக்குதல் போனஸ் 4, ஓகருக்கு 6. இரண்டு கூடுவதால் ஒரு படி ஏறி 4. சராசரி எடுத்தால் சி.ஆர். 2. புத்தகத்தில் உள்ள சாதாரண ஓகரின் எண்ணும் 2தான். சேதம் இரட்டித்த பின்னும் காகிதம் அதே எண்ணைக் காட்டுகிறது.

எனவே சராசரியை மட்டும் எழுதி வைக்காமல், இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதுங்கள். தாக்குதல் எண் குழுவின் லெவலைவிட இரண்டுக்கு மேல் உயர்ந்தால், அறிகுறி 2இன் கிளை அவில் உள்ள சோதனையைச் செய்யுங்கள். தற்காப்பு எண் அப்படி உயர்ந்தால் அறிகுறி 5க்குச் செல்லுங்கள். இரண்டும் நெருக்கமாக இருந்தும் போர் பொருந்தாவிட்டால், நீங்கள் சேர்த்த சிறப்புத் திறன்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எது காரணம் என்பது ஒருபோதும் தெரியாது.

போர் நடந்துகொண்டிருக்கும்போதே கைமீறினால்

பகடையை மறைத்து மாற்றுவதையும் ஹிட் பாயிண்டை ரகசியமாகக் குறைப்பதையும் நான் பரிந்துரைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் அதை ஒருமுறை உணர்ந்துவிட்டால், அதன்பின் அவர்கள் பெறும் எந்த வெற்றியும் அவர்களுக்கே உறுதியாகத் தோன்றாது. எதிரியின் நடத்தையை மாற்றுங்கள். வீழ்ந்தவரைத் திரும்ப அடிக்காமல், நிற்பவரை நோக்கிச் செல்லட்டும். ஏனெனில் மயங்கிக் கிடப்பவரை ஐந்தடிக்குள் நின்று அடித்தால் அது கிரிட்டிகல் (கடும் அடி) ஆகி, இரண்டு டெத் சேவ் தோல்விகளாகக் கணக்கிடப்படும். பாதி ஹிட் பாயிண்ட் இழந்த கோப்ளின்கள் ஓடிப்போகலாம். அறிவுள்ள எதிரி கைதிகளை விரும்பலாம். பசித்த விலங்கு ஒருவரைக் கவ்விக்கொண்டு விலகலாம். அது துரத்தலாக மாறும்.

எப்போது அனுபவமுள்ள டிஎம் ஒருவரை அழைக்க வேண்டும்

மேலே சொன்ன திருத்தங்களைச் செய்த பிறகும் ஒரே திறன் தொடர்ந்து இரண்டு போர்களின் முடிவைத் தீர்மானித்தால். சொந்த மான்ஸ்டரின் தாக்குதல், தற்காப்பு எண்களுக்கிடையே நான்குக்கு மேல் இடைவெளி இருந்து, அதைக் குறைக்க முயலும்போதெல்லாம் மான்ஸ்டரின் தன்மையே கெட்டுப்போனால். குழு பதினோராம் லெவலைத் தாண்டி, ஆறாம் நிலை மந்திரங்களும் பெரிய மாயப் பொருள்களும் ஒன்றுசேர்ந்து எந்த எண்ணையும் பொருளற்றதாக்கினால், தனியாகத் திருத்துவதை நிறுத்திவிடுங்கள். அந்த லெவல்களை ஏற்கெனவே நடத்திய ஒருவர் விவரங்களைப் படித்தே சொல்லிவிடக்கூடியதற்கு நீங்கள் பல அமர்வுகளைச் செலவிட வேண்டியிருக்கும்.

இன்னொரு நிலையும் உண்டு. குழுவில் ஒருவரின் சேதம் மட்டும் மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தால், கோளாறு மான்ஸ்டரில் இல்லை. அவரோடு தனியே அமர்ந்து, பாத்திரத் தாளை வரிவரியாக விதிகளோடு ஒப்பிடுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ஒரு போனஸை இரண்டு முறை கூட்டியிருப்பது போன்ற கவனக்குறைவே பெரும்பாலும் வெளிப்படும்.

உதவி கேட்கும்போது, தொடக்கத்தில் சொன்ன நான்கு குறிப்புகளோடு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்: ஒவ்வொரு பாத்திரத்தின் லெவல், ஹிட் பாயிண்ட், ஆர்மர் கிளாஸ், ஆறு சேவ் போனஸ்கள்; மான்ஸ்டரின் முழு விவரப் பட்டியல், நீங்கள் மாற்றிய வரிகளின் கீழ் கோடிட்டு; களத்தின் வரைபடம், முதல் சுற்றில் யார் எங்கே நின்றார்கள் என்ற குறியோடு. வரைபடம் இல்லாமல் கேட்டால், அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.